மிஷின் இட்டுக்கொண்ட கோடு

அந்த யோசனை வந்தபோது நான் ஒரு கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். ஒரகடம் பக்கத்துப் பெயின்ட் கம்பெனி ஒன்றில், டிப்ளமா முடித்த கையோடு பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் வாரம். உத்திரமேரூரிலிருந்து விடியும் முன்பே கம்பெனி பஸ். அன்றைக்கு எங்களை மூலப்பொருள் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை மாவு ஒரு சாய்ந்த குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே நீளமான ஸ்க்ரூ ஒன்று சுழல்கிறது, அதன் மரை மாவை மேலே தள்ளிக்கொண்டு போகிறது என்றார்கள். மேலே பெரிய எஃகுப் புனல். அது நின்றது லோட் செல்களின் மேல். லோட் செல் என்பது உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் துண்டு. தன்மேல் ஏறும் பாரத்தை எண்ணாக்கிச் சொல்லிவிடும். மாவு விழ விழச் சிவப்பு எண்கள் ஓடின. குறித்த எடை வந்ததும் ஸ்க்ரூ நின்றது. யாரும் அள்ளவில்லை, யாரும் தூக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஆபரேட்டர் அண்ணனின் சட்டை அதன் சொந்த நிறத்திலேயே இருந்தது. அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

என்னோடு வந்தவர்கள் எண்களைப் பார்த்தார்கள். நான் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே குழாய், இதே புனல், இதே எண்கள் எங்கள் ஊர் ரைஸ் மில்லின் தவிட்டு ரூமில் இருந்தால் என்ன? அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் என்ன? அன்று மாலை பஸ்ஸில் வரும்போது வாலாஜாபாத் வந்ததே தெரியவில்லை. ஃபோனில் படம் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அந்தத் தவிட்டு ரூமில்தான் இருந்தாள். நெல் அரைபடும்போது தவிடு தனியாகப் பிரிந்து ஒரு மூலையில் வந்து கொட்டும். அதைப் பக்கத்துத் தெரு அத்தை கூடையில் அள்ளி வருவாள். அம்மா சாக்கைப் பிடித்து, நிரப்பி, தராசில் ஏற்றி, எடை பார்த்து, வாயைத் தைப்பாள். தவிடு மாவைவிட லேசு. கொட்டினால் எழும்பும், எழும்பினால் இறங்காது. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் புருவம் பழுப்பாக இருக்கும். முகம் கழுவியதும் புருவம் கறுப்பாகிவிடும். நெஞ்சைக் கழுவ முடியவில்லை. இருமல் முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு காலம் பார்க்காமல் வந்தது. ஆஸ்பத்திரியில் தூசி இல்லாத இடத்தில் வேலை பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா வெளியே வந்து சிரித்தாள்.

"டாக்டரம்மா வூட்ல எதுனா வேல கீதான்னு கேட்டுக்கினு வந்திருக்கலாம். நல்லா ஏசி போட்டுக்கினு கீறாங்க."

அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையோடு இருக்கும் இரும்பு மேடை, அதன் தலைமாட்டில் ஒரு கம்பி, கம்பியில் நகரும் குண்டு. பழைய சாமான். அது ஒரு நாளும் வெறுமையாகத் தூங்கியதில்லை. கடைசிச் சாக்கை இறக்கியதும் அம்மா அதன்மேல் ஒரு முடிச்சை வைப்பாள். உடைந்த குழவிக்கல்லில் பாதி, கூட ஒரு பிடி நெல், மஞ்சள் துணியில் கட்டியது. கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்குப் பக்கம் கனக்கும். வெறும் தராசைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தக் கூடாது என்பாள். சாத்தினால் மறுநாள் அதில் ஏற ஒன்றும் வராதாம். காலையில் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் வேலை. முதல் சாக்குக்கு ஒன்று என்று சொல்ல மாட்டாள், லாபம் என்பாள். லாபம், ரெண்டு, மூணு. சின்ன வயதில் நானும் பள்ளிக்கூடத்தில் அப்படி எண்ணி டீச்சரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மில் முதலாளியிடம் நான் பேசப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் வந்தாள். வேண்டுமென்றே கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அது வேலை செய்தது. "உட்காரும்மா" என்றார். அந்த ஆபீஸ் அறையில் எங்கள் தெருவிலிருந்து யாரும் உட்கார்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. நான் உட்கார்ந்தேன். அம்மா கதவோரம் நின்றாள். அவளைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஃபோனில் எடுத்து வைத்திருந்த வீடியோக்களைக் காட்டினேன். எங்கள் கம்பெனியுடையது இல்லை, அங்கே ஃபோன் எடுக்க விடமாட்டார்கள். இணையத்தில் தேடி எடுத்தவை. மூச்சு விடாமல் பேசினேன். ஸ்க்ரூ கன்வேயர் தவிட்டை மூடிய குழாயில் கொண்டுவரும், தூசி பறக்காது. சாக்கின் வாயைக் கவ்வி மூட ஒரு தாடை, அடியில் எடை மேடை, காலால் பெடலை மிதித்தால் கொட்டும், எடை வந்ததும் தானே நிற்கும். அவருக்கு அப்போதுதான் ஒரு தீவனக் கம்பெனியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் எடை அச்சடித்த சாக்குதான் கேட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் சரி. கூடை தூக்கற பொம்பள?" என்று கேட்டார்.

"கூடை தேவைப்படாது, ஐயா."

தலையாட்டினார். கேட்டது அவர், பதில் சொன்னது நான். கதவோரம் அம்மா கால் மாற்றி நின்றது எனக்குக் கேட்டது. உடனே அடுத்த வாக்கியத்துக்குத் தாவினேன். "மிஷின்ல அம்மாதான் உட்காரணும், ஐயா. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"உங்கம்மா இல்லாம தவிட்டு ரூமா? கை சுத்தம்னா இந்த மில்லுல அவதான்."

அந்தச் சொல்லைப் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மிஷின் அம்பத்தூரிலிருந்து வந்தது. ஒரு ஃபிட்டர் கூடவே வந்து இரண்டு நாள் இருந்து பொருத்திக் கொடுத்தார். நான் லீவு போட்டுவிட்டு அவர் பின்னாலேயே சுற்றினேன், ஒயர் பிடித்தேன், கேள்வி கேட்டே அவரைக் களைப்பாக்கினேன். பூஜை போட்டார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும், மிஷினுக்குச் சக்கரமே இல்லை. மில் சூப்பர்வைசர் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பெடலுக்கு அடியில் வைத்தார்.

"என் காலுக்குக் கீழ வெக்கறாரு," என்றாள் அம்மா. "இன்னிலேர்ந்து நாந்தான் வண்டி போலக்குது."

பழைய தராசை அன்றைக்கே பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த மாதம் நான் எங்கள் வீட்டில் பார்த்ததிலேயே நல்ல மாதம். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சாக்கை மாட்டுவாள், மிதிப்பாள், நின்றதும் தைப்பாள். சாயந்திரம் புருவம் கறுப்பாகவே வந்தது. இருமல் போகவில்லை, ஆனால் நடுவில் இடைவெளி விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நான் மிஷினைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பேன். அவளும் சளைக்காமல் சொல்வாள்.

"மெரிச்சா கொட்டுது, போதும்னா நிக்குது. எம் மாமியாரு மாதிரி இல்ல. சொன்னா கேக்குது."

"பக்தி வேற கீது," என்றாள் இன்னொரு ஞாயிறு. "காலைல எழுந்ததும் கோடு இட்டுக்குது. நெத்தியில திருநீறு இட்டுக்கற மாதிரி, நம்பருக்கு முன்னால ஒரு சின்னக் கோடு. அப்புறந்தான் வேலை."

"சூப்பர்வைசர் பார்த்தாரா?"

"பாத்தாரு. அது மிஷின் வெவகாரம், நீ உன் வேலையைப் பாத்துக்கினு மெரிம்மான்னாரு."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. சாமி கும்பிடும் மிஷின் என்று கம்பெனியில் போய் எல்லாரிடமும் சொன்னேன்.

கூடை போன அத்தை மட்டும் எங்கள் வாசலைக் கடக்கும்போது குனிந்துகொண்டு போனாள். ஏரி வேலை இருக்கும்போது ஏரி வேலை, களை எடுப்பு இருக்கும்போது களை எடுப்பு. ஒரு நாள் தண்ணீர்க் குழாயில் நான் குடத்தை வைத்ததும் தன் குடத்தை எடுத்துவிட்டு இடம் விட்டாள்.

"நீ முதல்ல புடி, கண்ணு. எஞ்சினியரு. பொத்தான அமுக்கினா எனுக்கும் தண்ணி வந்துரும்."

வேறு வேலை பார்த்துத் தருகிறேன் அத்தை என்றேன். எங்கே பார்ப்பது என்று எனக்கே தெரியாது. அவள் "பாரு, பாரு" என்றாள், ரொம்ப மென்மையாக.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் அம்மா எனக்கு முன்பே வீட்டில் இருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. மடியில் அந்த மஞ்சள் முடிச்சு இருந்தது. அதை வீட்டில் பார்த்ததே இல்லை என்பதால் என்னவோ சாவுச் செய்தி என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்கத் துண்டு துண்டாக வந்தது.

தீவனக் கம்பெனிக்குப் போன லோடு ஒன்றை முதலாளி வழியில் வே பிரிட்ஜில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். லாரியோடு சேர்த்து நிறுத்தும் பெரிய தராசு அது. சாக்குகளில் அச்சடித்த எடையைக் கூட்டினால் வருவதைவிட லோடு கனமாக இருந்தது. அடுத்த லோடும் அப்படியே. ஒவ்வொரு சாக்கிலும் கொஞ்சம் தவிடு கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது, மிஷின் வந்ததிலிருந்தே. மிஷின் புதுசு, தப்பு பண்ணாது. ஆக, மிஷினில் உட்கார்ந்திருப்பவள்.

"லாரிக்காரனுக்கும் உனுக்கும் இன்னா கூட்டுன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. ஐயா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு."

"ஐயா என்ன சொன்னார்?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா, நாளைலேர்ந்து வராதன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாராம். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. அம்மா அழவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல" என்று மட்டும் சொன்னாள். சமைக்கும்போது சொன்னாள், தட்டு போடும்போது சொன்னாள், நான் படுத்த பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்த வாக்கியத்தைக் கைத்தடி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் லீவு கிடைத்ததும் நான் மில்லுக்கு ஓடினேன். சூப்பர்வைசர் கேட்டிலேயே நிறுத்தினார். மிஷினில் இப்போது தன் உறவில் ஒருத்தரை உட்கார வைத்திருப்பதாகவும், அவர் வந்த முதல் நாளிலிருந்தே எடை சரியாக வருவதாகவும் சொன்னார். லோடை எங்கே நிறுத்தினாலும் ஒத்துப்போகிறதாம். "இதுக்கு மேல இன்னா வேணும்மா உனக்கு?" என்றார். அவர் சொன்னது உண்மை. அம்மா போனாள், எடை சரியாகிவிட்டது. ஊரில் யாருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. சாட்சி சொல்வது மிஷின், கொண்டுவந்தது நான்.

அத்தைதான் அம்மாவை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தென்னேரிப் பக்கம் நடவு. காலையில் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

"என்னை எட்துக்கினு போச்சு, உன்னையும் எட்துக்கினு போச்சு. உம் பொண்ண மட்டும் வுட்டு வெச்சுக்குது பாரு, நன்றி கீது அதுக்கு."

"வுடு, அவ சின்னப் புள்ள," என்றாள் அம்மா. குனிந்து நடவு நட்டால் இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. தூசி இல்லாத இடம்தான் அது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே. இரண்டு நாள் போனாள், ஒரு நாள் படுத்தாள், மறுபடியும் போனாள்.

கம்பெனியில் எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. அந்தக் கண்ணாடி ஜன்னலைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். எல்லாம் அதது பாட்டுக்கு ஏறிக்கொண்டும் நின்றுகொண்டும் இருந்தது. எனக்கு மிஷின் மேல் கோபமும் வரவில்லை, அதுதான் கொடுமை. அது அழகாகத்தான் இருந்தது.

காரணம் கிடைத்தது ஒரு மத்தியானம், கரண்ட் போனபோது. சாம்பிள் எடை பார்க்கும் சின்ன மேஜைத் தராசில் ஆபரேட்டர் அண்ணன் ஒரு ஸ்பேனரை வைத்துவிட்டு டார்ச் தேடப் போயிருந்தார். ஜெனரேட்டர் பிடித்தது, தராசு கண் விழித்தது. ஸ்பேனர் மேலேயே இருக்க, பூஜ்யம் காட்டியது. அண்ணன் வந்து ஸ்பேனரை எடுத்தார். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு விழுந்தது.

"கோடு காட்டுது பார். வெயிட்டை வெச்சே ஆன் ஆயிடுச்சு," என்று சொல்லி, அணைத்துப் போட்டார். கோடு போய்விட்டது. அவருக்கு அது அவ்வளவுதான்.

அம்மா சொன்ன அதே கோடு. திருநீறு இல்லை, கழித்தல் குறி. காலையில் சூப்பர்வைசர் முதலில் வந்து மெயினைப் போடுவார். எடை மேடையின் மேல் முந்தின சாயந்திரம் அம்மா வைத்த கல் முடிச்சு இருக்கும். மிஷின் கண் விழிக்கும்போது தன்மேல் எது இருக்கிறதோ அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அம்மா வந்து முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஜன்னலில் வைப்பாள். கல் போன இடத்தையும் மிஷின் தவிட்டால் நிரப்பும். ஒவ்வொரு சாக்கிலும் அந்தக் கல்லின் எடைக்குத் தவிடு கூடுதல். பழைய தராசுக்கு ஞாபகம் கிடையாது. கல்லை எடுத்தால் கம்பி தானாக நேராகிவிடும். புதியதற்கு ஞாபகம் இருந்தது. புது ஆள் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துகிறார், எடை சரியாக வருகிறது.

அன்று பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்ன விசேஷம் என்றுகூடக் கேட்டாள். நிரூபித்துவிடலாம், கையோடு நிரூபித்துவிடலாம் என்று அடித்துக்கொண்டது மனசு. அடுத்த வார லீவில், அம்மா நடவுக்குப் போனதும், முடிச்சை எடுத்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். இந்தத் தடவை கேட்டில் நிற்கவில்லை. முதலாளியின் வண்டி உள்ளே போகும்போது பின்னாலேயே போய்விட்டேன்.

அவர் கேட்டுக்கொண்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும், பொறுமையாகவே கேட்டார். தவிட்டு ரூமுக்கு வந்து மிஷினை அணைக்கச் சொன்னார். மேடையில் முடிச்சை வைத்தேன். மெயினைப் போட்டேன். பூஜ்யம். முடிச்சை எடுத்தேன். கோடு. சாக்கை மாட்டி மிதித்தேன், நிரம்பியது, நின்றது. அந்தச் சாக்கை அரிசி நிறுக்கும் தராசில் ஏற்றிக் காட்டினேன். கல்லையும் தனியாக ஏற்றிக் காட்டினேன். கூடுதலும் கல்லும் ஒன்று. சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப திருட்டு இல்லங்கற," என்றார் முதலாளி.

"இல்லைங்க ஐயா."

"சரிதான். எனக்கும் அவ அப்படிப் பண்ணுவான்னு தோணல." கல் முடிச்சைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஆனா இதை வெச்சது அவதானே?"

"தராசு வெறுமையா இருக்கக் கூடாதுன்னு வெச்சது, ஐயா. மிஷின்ல ஒரு செட்டிங் மாத்தினா போதும். ஆன் ஆகும்போது மேல எதுனா இருந்தா ஓடாம நின்னுரும். ஒரு நிமிஷ வேலை."

"மாத்திட்டுப் போ. நல்லது." முடிச்சை என்னிடமே கொடுத்தார். "இப்ப இருக்கறவன் படிச்சவன், மைனஸ் தெரியும். பாவம், அவனை எப்படி எழுப்பி விடறது சொல்லு. உங்கம்மா கிட்ட சொல்லு, எனக்கு அவ மேல கோவம் கிடையாது."

"அதை நீங்களே இங்க எல்லாரும் இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவீங்களா, ஐயா? அவங்க எடுக்கலன்னு?"

"அதெல்லாம் எதுக்கும்மா. எடுத்தா பேச்சு வளரும். ஆறிப்போனதைக் கிளறாத."

உட்காரும்மா என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. நாங்கள் நின்றுகொண்டுதான் பேசினோம்.

செட்டிங்கை மாற்றாமலே வந்துவிட்டேன். கோபம் என்றுகூட இல்லை, கை எழவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அம்மாவுக்காவது இது போதும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை போனால் போகட்டும், காரணம் தெரிந்துவிட்டது, திருட்டு இல்லை என்று முதலாளி வாயாலேயே வந்துவிட்டது. சாயந்திரம் அவள் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்பேனரிலிருந்து ஆரம்பித்து, பூஜ்யம், கோடு, கூடுதல் தவிடு. வழக்கம் போல வேகமாக. கையால் காட்டிக் காட்டி.

அம்மா கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"கல்லா?"

"கல்லு மேல தப்பு இல்லம்மா. மிஷின் ஆன் ஆகும்போது..."

"நான் வெச்ச கல்லா?"

"ஆமா. ஆனா அது..."

"இத்தினி நாளா நான் ஒண்ணும் பண்ணல, ஒண்ணும் பண்ணலன்னு சொல்லிக்கினு இருந்தேன்," என்றாள். குரலில் எந்த ஏற்றமும் இல்லை. "பண்ணிக்கினுதான் இருந்திருக்கேன். டெய்லி. சாமி கும்புட்டு எடுத்து வெச்சு, டெய்லி பண்ணிக்கினு இருந்திருக்கேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். தெரியாமல் செய்தது தப்பு ஆகாது, சொல்லித் தராதது அவர்கள் தப்பு, ஃபிட்டர் தப்பு, சூப்பர்வைசர் தப்பு, கோடு விழுவதைச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். கடைசியில் "நீ சாப்புடு" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அந்த வாக்கியத்தை அவள் சொல்லவே இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதைப் பிடுங்கிக் காரணத்தைக் கையில் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை முடிச்சை அவிழ்த்தாள். நெல்லைக் கோழிக்குப் போட்டாள். மஞ்சள் துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். பாதிக் குழவிக்கல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும், இப்போது அடிப்பதில்லை. வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

அத்தை ஒருநாள் வாசலில் நின்று அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் அது என்னவென்று. உள்ளே வராமல் வாசலோடு திரும்பிப் போய்விட்டாள். குழாயடியில் கிண்டலாகப் பேசியதைவிட அது மோசமாக இருந்தது.

இதை எழுதும்போது உள்ளே அம்மா இருமிக்கொண்டிருக்கிறாள். இடைவெளி விடாத பழைய இருமல்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் மறுபடியும் ஃபோனில் படம் போட ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை பெரிய யோசனை எதுவும் இல்லை. இரும்புத் தகட்டில் ஒரு சின்னத் தட்டு, இரண்டு கை அகலம், விழாமலிருக்க விளிம்பு தூக்கியது. மிஷினின் எடை மேடையைத் தொடாமல், வெளிச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் மேல் எதை வைத்தாலும் லோட் செல்லுக்குத் தெரியாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு மிஷின் வெறுமையாக இருக்காது. அதன்மேல் கல் முடிச்சு இருக்கலாம், ராத்திரி முழுக்க இருக்கலாம், காலையில் எழுந்ததும் கோடு விழாது. அம்பத்தூர் ஃபிட்டரிடம் ஃபோனில் கேட்டேன். தாராளமாகப் பொருத்தலாம், எதற்கு என்றார். சாமிக்கு என்றேன். நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றார். அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

ஷிப்ட் மாறியதில் இப்போது புதன்கிழமைதான் எனக்கு வார லீவு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வெல்டிங் கடையில் தட்டு ரெடியாகிவிடும். அதை எடுத்துக்கொண்டு, வேலை நடக்கும் நேரமாகப் பார்த்து, எல்லாரும் இருக்கும்போது மில்லுக்குப் போகப் போகிறேன். அம்மாவுக்கு வேலை கேட்கப் போவதில்லை. அந்தச் செட்டிங்கை மாற்றித் தருகிறேன், தட்டையும் இலவசமாகப் பொருத்தித் தருகிறேன், எதற்குப் பொருத்துகிறேன் என்று மட்டும் அங்கே நின்று சத்தமாகச் சொல்ல விடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அவர் சொல்ல மாட்டார், அது தெரிந்துவிட்டது. நான் சொல்லலாம் இல்லையா. விடுவாரா என்று தெரியாது. கேட்டைத் தாண்ட விடுவார்களா என்றே தெரியாது. என்னோடு வர்றியாம்மா என்று நேற்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வர மாட்டேன் என்று சொல்லவில்லை.

மஞ்சள் துணியை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். கதவுக்கு வேறு ஒரு கல் பார்த்து வைத்திருக்கிறேன்.